விலை கொடுத்தும் வந்து சேராத கப்பல்கள்: உஸ்மானிய வரலாறு தரும் படிப்பினை

 

 இவ்வாண்டு மலரின் முற்பகுதியிலுள்ள வரவு செலவுக் கணக்கைப் பார்வையிட்ட பின்னரே பெரும்பாலோர் இப்பக்கத்திற்கு வந்திருப்பீர்கள். சந்தாவாகவும் நன்கொடையாகவும் வந்த பணம் எதற்காகச் செலவிடப்பட்டது என்று கேட்டறிவது நம் உரிமை. அது நம் கடமையும் கூட. ஆனால் பணம் நேர்மையாகத் திரட்டப்பட்டு, விலையும் கொடுக்கப்பட்ட பின்னர், வாங்கிய பொருள் மட்டும் வந்து சேராமற் போனால் என்ன செய்வது? ஒரு பேரரசுக்கே அவ்வாறு நேர்ந்தது. அது எப்படி நேர்ந்தது, அதிலிருந்து அந்த நாடு எதைக் கற்றுக் கொண்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு நாடு தனக்கு வேண்டிய ஆயுதங்களைத் தானே செய்து கொள்வதா, பிற நாடுகளிடம் விலைக்கு வாங்குவதா என்பது படைத் தளபதிகள் மட்டும் பேச வேண்டிய விஷயமன்று. அறிவு, தொழில், கடன், சுதந்திரம் ஆகிய நான்கும் அதில் அடங்கியுள்ளன. உஸ்மானியப் பேரரசும், அதன் வாரிசாக எழுந்த துருக்கியும் ஐந்தரை நூற்றாண்டுகளாக இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

மார்க்கத்தின் வழிகாட்டல்

இயன்ற வரையில் பலத்தைத் தயார் செய்து கொள்ளுமாறு திருக்குர்ஆனின் அன்ஃபால் அத்தியாயம் 60ஆம் வசனம் பணிக்கிறது. அதற்கு அடுத்த வசனமே, எதிரிகள் சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்னும் கருத்தைத் தருகிறது. ஆக, பலம் என்பது போரைத் தேடிச் செல்வதற்கன்று. அநீதி நெருங்காமல் தடுப்பதற்கே.

இரும்பை அல்லாஹ் இறக்கியதையும், அதில் கடும் வலிமையும் மனிதர்களுக்குப் பயன்களும் இருப்பதையும் ஹதீத் அத்தியாயம் குறிப்பிடுகிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது. ஆயினும் கவசங்கள் ஆயத்தமாக வானிலிருந்து இறங்கவில்லை. வளையங்களை அளவோடு இணைத்துக் கவசம் செய்யும் தொழில் அந்த நபிக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது. அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்பது நபிமொழி.

அதே நேரத்தில், பிறரிடமிருந்து ஆயுதம் பெறுவதை மார்க்கம் தடுக்கவுமில்லை. ஹுனைன் போருக்குப் புறப்படும் முன்னர், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை இரவலாகப் பெற்றார்கள். பலவந்தமாக எடுத்துக் கொள்கிறீரா என்று அவர் வினவியபோது, இது திருப்பித் தருவதற்குப் பொறுப்பேற்றுக் கொண்ட இரவல் என்று தெளிவுபடுத்தினார்கள். அகழ்ப் போரின்போது பாரசீகத்தைச் சேர்ந்த ஸல்மான் (ரலி) அவர்கள் கூறிய யோசனையை ஏற்று மதீனாவைக் காக்க அகழ் வெட்டப்பட்டது. யோசனை வெளிநாட்டினது; வெட்டிய கைகளோ மதீனாவின் கைகள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். நாம் சொல்ல வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே அளவுகோலாகும்.

தொப்ஹானே: சொந்தப் பட்டறையின் காலம்

1453ஆம் ஆண்டு. 21 வயதே நிரம்பிய சுல்தான் இரண்டாம் முஹம்மது கான்ஸ்டாண்டிநோபிள் நகரை முற்றுகையிட்டார். ஆயிரம் ஆண்டுகளாக நின்ற மதிற்சுவர்களை உடைப்பதற்கு அவருக்குப் பெரும் பீரங்கிகள் தேவைப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியதை வார்த்துக் கொடுத்தவர் ஊர்பான் என்னும் ஹங்கேரி நாட்டு வார்ப்புக் கலைஞர். அவர் முதலில் சென்றது கான்ஸ்டாண்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசரிடமே! அவர் கேட்ட ஊதியத்தையும் உலோகத்தையும் அப்பேரரசரால் கொடுக்க இயலவில்லை. எனவே அவர் சுல்தானிடம் வந்தார். எதிர்னே நகரில் வார்க்கப்பட்ட அந்தப் பீரங்கியைப் பல பத்து எருதுகள் பூட்டி இழுத்து வந்தனர். மே 29ஆம் நாள் நகரம் வீழ்ந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். அதன் பிறகு நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது. சுல்தான் ஊர்பானோடு நின்றுவிடவில்லை. கைப்பற்றிய நகரின் கலாத்தா கரையில் அரசுப் பீரங்கி வார்ப்புச் சாலை ஒன்றை அமைத்தார். துருக்கி மொழியில் தொப் என்றால் பீரங்கி. ஹானே என்றால் இல்லம். இஸ்தான்புல் நகரின் அப்பகுதிக்கு இன்றும் தொப்ஹானே என்றே பெயர். நகரம் வீழ்ந்து 11 ஆண்டுகள் கழிந்து, 1464இல், முனீர் அலி என்ற உஸ்மானியக் கலைஞர் சுமார் 17 டன் எடையுள்ள வெண்கலப் பீரங்கியை வார்த்தார். கொண்டு செல்வதற்கு எளிதாக இரு பகுதிகளாகச் செய்து, திருகிப் பொருத்தும்படி அதை அமைத்திருந்தார். வெளிநாட்டு ஆசானிடம் தொடங்கிய கலை ஒரு தலைமுறைக்குள் உள்நாட்டுக் கைகளில் வேரூன்றிவிட்டது.

கடற்படையிலும் நிலை அதுவே. 1571 அக்டோபரில் லெபாண்டோ கடற்போரில் உஸ்மானியக் கப்பற்படை ஏறத்தாழ முழுமையாக அழிக்கப்பட்டது. அக்காலத்தில் வேறெந்த அரசுக்கும் அது தலைமுறைக்கும் தீராத அடியாக இருந்திருக்கும். ஆனால் முதன்மை வஸீர் சொக்குல்லு முஹம்மது பாஷாவும் கடற்படைத் தலைவர் கிலிஜ் அலி பாஷாவும் ஒரே குளிர்காலத்தில் சுமார் 150 கப்பல்களைக் கட்டி முடித்தனர். மரம் கருங்கடல் ஓரக் காடுகளிலிருந்து வந்தது. தச்சர்களும் கொல்லர்களும் பாய் தைப்போரும் கயிறு திரிப்போரும் பேரரசுக்குள்ளேயே இருந்தனர். தேர்ந்த மாலுமிகளை இழந்ததை ஒரே ஆண்டில் ஈடு செய்ய முடியவில்லை என்பது உண்மை. எனினும் கப்பலுக்காக எவர் வாயிலிலும் நிற்க வேண்டிய நிலை ஏற்படவில்லை.

திறமை கைமாறியது

பின்னர் என்ன நேர்ந்தது? உஸ்மானியர் திடீரென்று சோம்பிப் போய்விட்டனர் என்று கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஐரோப்பாவில் ஆயுதத் தொழிலின் தன்மையே மாறிவிட்டது. கணிதமும் பௌதிகமும் பீரங்கிச் சாலைக்குள் நுழைந்தன. நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் உலைகளும், நீராவி இயந்திரங்களும், உலோகத்தைத் துல்லியமாகக் கடையும் இயந்திரங்களும் வந்தன. தந்தையிடமிருந்து மகன் பழகிக் கொள்ளும் கைத்திறன் மட்டும் இனிப் போதாது என்றாயிற்று. ஒரு பீரங்கிக்குப் பின்னால் சுரங்கம், உலை, இரயில்பாதை, பொறியியல் கல்லூரி ஆகிய அனைத்தும் நிற்க வேண்டியிருந்தது.

1770இல் செஷ்மே துறைமுகத்தில் ரஷ்யர்கள் உஸ்மானியக் கப்பற்படையை எரித்தபோதுதான் இந்த உண்மை உறைத்தது. 1773இல் கடற்படைப் பொறியியல் பள்ளி தொடங்கப்பட்டது. சுல்தான் மூன்றாம் சலீம் புதிய படையையும் புதிய பள்ளியையும் உருவாக்கினார். பழைய முறையில் நலன் கண்டவர்கள் 1807இல் அவரை அரியணையிலிருந்தே இறக்கினர். அறிவை நோக்கிய பாதையில் உள்ளிருந்தே எழுந்த தடை அது.

அதே 1807ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கப்பற்படை தார்தனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தபோது, 15ஆம் நூற்றாண்டின் பெரும் பீரங்கிகளைக் கொண்டே உஸ்மானியர் கல் குண்டுகளை வீசினர். முன்னோர்களின் வேலைப்பாட்டுக்கு அது பெருமை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ அது பெருமையன்று. முனீர் அலி வார்த்த பீரங்கியை 1866இல் சுல்தான் அப்துல் அஸீஸ் விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக வழங்கினார். இன்று அது இங்கிலாந்தின் நெல்சன் கோட்டையில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

பீரங்கியை அன்பளிப்பாகக் கொடுத்த அதே சுல்தான் இங்கிலாந்திடம் இரும்புக் கவசப் போர்க்கப்பல்களை விலைக்கு வாங்கிக் கொண்டிருந்தார். உலகின் பெருங் கப்பற்படைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது? கடன்! கிரீமியப் போரின்போது 1854இல் முதன்முதலாக வெளிநாட்டுக் கடன் பெறப்பட்டது. 1875இல் வட்டியையும் முழுமையாகச் செலுத்த இயலாது என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. 1881இல் கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகள் அடங்கிய நிர்வாகம் ஒன்று இஸ்தான்புல்லில் அமர்ந்து உப்பு, புகையிலை, பட்டு ஆகியவற்றின் வருமானத்தை நேரடியாக வசூலிக்கத் தொடங்கியது. ஆயுதம் மட்டுமே இக்கடனுக்குக் காரணம் என்று கூற முடியாது. அரண்மனைகளும் வீண் செலவுகளும் அதில் பங்கு பெற்றன. ஆயினும் நாட்டைக் காப்பதற்கென்று வாங்கிய கடன் நாட்டின் கஜானாச் சாவியையே பறித்துக் கொண்டது என்பதில் ஐயமில்லை.

1877இல் ப்ளெவ்னா முற்றுகையில் உஸ்மான் பாஷாவின் வீரர்கள் காட்டிய வீரத்தை உலகமே வியந்தது. அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகளோ அமெரிக்காவில் செய்யப்பட்டவை. 1887இல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்திடம் ஐந்து இலட்சம் துப்பாக்கிகளுக்கு ஆணை அளிக்கப்பட்டது. பீரங்கிகள் க்ருப் நிறுவனத்திடமிருந்து வந்தன. இங்கிலாந்தில் செய்து, இஸ்தான்புல்லில் பொருத்தப்பட்ட இரு நீர்மூழ்கிக் கப்பல்களும் வந்தன. அவற்றை இயக்கும் பயிற்சி பெற்றோர் போதாமையால் அவை கரையிலேயே பழுதடைந்தன. 1897இல் கிரேக்கத்துடன் போர் மூண்டபோது, முன்னர் கடன்பட்டு வாங்கிய கவசக் கப்பல்களும் துருப்பிடித்துப் பயனற்றுக் கிடந்தன. பொருளை வாங்கினர், அதைப் பேணும் அறிவை வாங்கவில்லை. அறிவு விற்பனைக்குக் கிடைப்பதுமன்று.

மக்கள் கொடுத்த பணம்

1909இல் உஸ்மானியக் கடற்படை உதவிச் சங்கம் தொடங்கப்பட்டது. நாடெங்கும் நன்கொடை திரட்டப்பட்டது. பணக்காரர் பொன் கொடுத்தனர். ஏழைகள் செப்புக் காசு கொடுத்தனர். தம் கூந்தலை வெட்டி விற்றுக் கொடுத்த பெண்களைப் பற்றித் துருக்கியர் இன்றும் பேசுகின்றனர். 1912இல் பால்கன் போர் மூண்டபோது நம் இந்திய முஸ்லிம்களும் சும்மா இருக்கவில்லை. துருக்கிக்காக நிதி திரட்டினர். டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் மருத்துவக் குழுவொன்றும் இங்கிருந்து சென்று காயமுற்றோருக்குச் சேவை செய்தது.

அப்போரில் ஏஜியன் கடலை ஆட்டிப் படைத்தது அவெரோஃப் என்ற ஒரேயொரு கிரேக்கப் போர்க்கப்பல். அதுவும் இத்தாலியில் கட்டி விலைக்கு வாங்கியதே. அதனை விஞ்சும் கப்பல்கள் வேண்டும் என்று உஸ்மானிய அரசு இங்கிலாந்தை நாடியது. ரஷாதியா என்ற கப்பல் விக்கர்ஸ் நிறுவனத்தின் தளத்தில் கட்டப்பட்டது. பிரேசில் நாட்டுக்காக ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் கட்டிக் கொண்டிருந்த மற்றொரு கப்பலை உஸ்மானியர் வாங்கிச் சுல்தான் உஸ்மான் எனப் பெயரிட்டனர். 12 அங்குலப் பீரங்கிகள் 14 அதில் இருந்தன. அத்தனை பெரும் பீரங்கிகள் வேறெந்தப் போர்க்கப்பலிலும் இருந்ததில்லை. கடன் வாங்கிய பணமும் மக்களின் நன்கொடையும் சேர்ந்து விலை செலுத்தப்பட்டது.

1914 ஜூலை இறுதி. கப்பலைப் பெற்றுச் செல்வதற்கு ரவூஃப் பே தலைமையில் துருக்கி மாலுமிகள் நியூகாசில் நகரில் வந்து காத்திருந்தனர். ரஷாதியாவோ இன்னும் முன்னரே புறப்பட்டிருக்கலாம். ஆனால் அத்தகைய பெருங்கப்பலை நிறுத்திப் பேணுவதற்கான துறை வசதி உஸ்மானியரிடம் அமையாததால் தாமதமாயிற்று. ஐரோப்பாவில் போர் மூண்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில், கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் ஆணைப்படி பிரிட்டிஷ் வீரர்கள் இரு கப்பல்களையும் கைப்பற்றினர். சுல்தான் உஸ்மான் ஏஜின்கோர்ட் ஆயிற்று. ரஷாதியா எரின் ஆயிற்று. காத்திருந்த மாலுமிகள் வெறுங்கையோடு திரும்பினர்.

கொதித்தெழுந்த மக்களின் கோபத்தை நாம் புரிந்து கொள்கிறோம். எனினும் நிதானமாகச் சிந்திப்போமாக. பெரும்போர் தொடங்கும் வேளையில், நாளை தன்னையே தாக்கக்கூடிய கப்பலை எந்த நாடுதான் தன் துறையிலிருந்து வெளியே அனுப்பும்? மேலும், உஸ்மானிய அரசு ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் அதே ஆகஸ்ட் 2ஆம் நாளில்தான். விற்பவன் தன் நலனையே முதலில் பார்ப்பான். ஆபத்து வரும் நாளில்தான் வாங்குபவனுக்கு ஆயுதம் தேவைப்படும். அதே நாளில்தான் விற்பவனும் கையை மூடிக் கொள்வான். ஒப்பந்தக் காகிதம் இந்த இயல்பை மாற்றுவதில்லை.

அடுத்து வந்தது அதனினும் வேதனையானது. பிரிட்டிஷ் கப்பல்களிடமிருந்து தப்பி வந்த கோபென், பிரெஸ்லாவ் என்ற இரு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஆகஸ்ட் 10ஆம் நாள் தார்தனெல்ஸை அடைந்தன. அவற்றை உஸ்மானியருக்கு விற்றுவிட்டதாக ஜெர்மனி அறிவித்தது. யாவூஸ் சுல்தான் சலீம், மிதில்லி என்று பெயர்கள் மாறின. ஜெர்மானிய மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்து கொண்டனர். தளபதி மட்டும் மாறவில்லை. அவர் அட்மிரல் சூஷோன் என்ற ஜெர்மானியரே. அக்டோபர் 29ஆம் நாள் அவருடைய தலைமையில் சென்ற கப்பல்கள் ரஷ்யாவின் ஒதெஸ்ஸா, செவஸ்தோபோல் துறைமுகங்களைத் தாக்கின. அமைச்சர்களில் பலர் விரும்பாத போருக்குள் பேரரசு இழுத்துச் செல்லப்பட்டது. என்வர் பாஷா போன்றோர் போரை விரும்பினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரவலாக வந்த ஆயுதம் தன் எஜமானனையும் கூடவே அழைத்து வந்தது. அதே ஜெர்மனியின் எம்டன் கப்பல் செப்டம்பர் 22ஆம் நாள் நம் சென்னை மீது குண்டு வீசியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போரின் வெப்பம் நம் கரையையும் தொட்டது.

1915இல் தார்தனெல்ஸில் உஸ்மானிய வீரர்கள் பெற்ற வெற்றி நிகரற்றது. நுஸ்ரத் என்ற சிறு கப்பல் இட்ட 26 கண்ணிவெடிகள் மார்ச் 18ஆம் நாள் மாபெரும் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. ஆயினும் அவ்வாண்டின் பெரும்பகுதியில் பீரங்கிக் குண்டுகளை எண்ணி எண்ணியே செலவிட வேண்டியிருந்தது. ஜெர்மனியிலிருந்து சரக்கு வரும் வழியில் ருமேனியாவும் செர்பியாவும் நின்றன. தோழன் கொடுக்க விரும்பினாலும் வழியில் இருப்பவன் விட வேண்டுமல்லவா!

1923இல் லோசான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1914இல் கைப்பற்றப்பட்ட போர்க்கப்பல்களுக்குக் கொடுத்த பணத்தைக் கோரும் உரிமையைத் துருக்கி அதன் 58ஆம் பிரிவில் கைவிட்டது. ஏழைகளின் செப்புக் காசும் அத்துடன் கணக்கிலிருந்து நீங்கியது.

இலவசமாக வந்தவை

குடியரசான துருக்கி முதலில் சொந்தக் காலில் நிற்கவே முயன்றது. கைசேரியில் விமானத் தொழிற்சாலை அமைந்தது. நூரி தமிராக் என்ற தொழிலதிபர் 1936இல் இஸ்தான்புல்லில் விமானத் தொழிற்சாலை நிறுவினார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காட்சி மாறியது. 1947 முதல் அமெரிக்க இராணுவ உதவி வந்தது. 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது. விமானங்களும் பீரங்கிகளும் கப்பல்களும் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வந்து குவியும்போது உள்நாட்டு விமானத்தை யார் வாங்குவார்? தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முடங்கின. அங்காராவில் விமான இயந்திரம் செய்வதற்கென்று கட்டப்பட்ட ஆலை டிராக்டர் செய்யும் ஆலையாயிற்று. விலை கொடுத்து வாங்கியது உஸ்மானியரைக் கடனாளியாக்கியது. இலவசமாகப் பெற்றதோ குடியரசின் கைத்திறனை மறக்கச் செய்தது.

இலவசத்திற்கும் நிபந்தனை உண்டு என்பது 1964இல் தெரிந்தது. சைப்ரஸ் தீவில் துருக்கிய முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது துருக்கி தலையிட எண்ணியது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், பிரதமர் இஸ்மத் இனோனுவுக்கு ஜூன் 5ஆம் நாள் கடிதம் எழுதினார். அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களை அமெரிக்காவின் சம்மதமின்றி அதற்குப் பயன்படுத்த இயலாது என்பதே அதன் சாரம். 1974 ஜூலையில் துருக்கி சைப்ரஸில் படையிறக்கியது. மறுநாளே, தகவல் தொடர்பு குழம்பியதால், துருக்கி விமானங்கள் கோஜதெபே என்ற துருக்கிக் கப்பலையே பகைவனின் கப்பலென எண்ணி மூழ்கடித்தன. இரு தரப்பினரிடமும் இருந்தவை ஒரே வகையான பழைய அமெரிக்கக் கப்பல்கள்! 1975 பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்காவின் ஆயுதத் தடை நடைமுறைக்கு வந்தது. உதிரிப் பாகங்களின்றித் துருக்கிப் படை திண்டாடியது. 1978இல்தான் தடை முற்றாக நீங்கியது.

இம்முறை துருக்கி மக்கள் மீண்டும் நன்கொடை கொடுத்தனர். ஆனால் 1909க்கும் 1975க்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. முன்னர் கொடுத்த பணம் பிறர் கட்டிய கப்பலுக்குச் சென்றது. இப்போது தரைப்படை அறக்கட்டளைக்கு வந்த பணத்தைக் கொண்டு அஸெல்சான் என்ற மின்னணு நிறுவனம் 1975இல் தொடங்கப்பட்டது. அது முதலில் செய்தது விமானமுமன்று, ஏவுகணையுமன்று. படைவீரர்கள் பேசிக் கொள்ளும் வயர்லெஸ் கருவி. தன் கப்பலைத் தானே மூழ்கடித்த நாட்டுக்கு முதலில் வேண்டியிருந்தது அதுவே! இளம் பொறியாளர்கள் அங்கே கற்றனர், தவறினர், மீண்டும் செய்தனர். இன்று துருக்கியின் மிகப் பெரிய பாதுகாப்புத் தொழில் நிறுவனம் அதுவேயாகும்.

இன்றைய நிலையும் ஓர் எச்சரிக்கையும்

ஆளில்லாப் போர் விமானங்களை அமெரிக்கா விற்க மறுத்தது. துருக்கியர் தாமே செய்தனர். 2014இல் பறந்த பைரக்தார் டி.பி.2 விமானம் இன்று பல நாடுகளின் படைகளில் உள்ளது. 2024இல் துருக்கியின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 700 கோடி டாலரைத் தாண்டியது.

எனினும் மிகைப்படுத்திப் பேசுவது நம் வழக்கமாகிவிடக் கூடாது. அதே டி.பி.2 விமானத்தின் கண்ணாக இருந்த காமராக் கருவி கனடாவிலிருந்து வந்தது. 2020இல் கனடா அதை நிறுத்தியபோது அஸெல்சான் செய்த கருவியைப் பொருத்த வேண்டியதாயிற்று. பாகிஸ்தான் 2018இல் கேட்ட 30 துருக்கி ஹெலிகாப்டர்களைக் கொடுக்க இயலவில்லை. அதன் இயந்திரத்திற்கான அமெரிக்க அனுமதி கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த கான் என்னும் சொந்தப் போர் விமானமும் அமெரிக்க இயந்திரங்களைக் கொண்டே பறந்தது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக, எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து 2019இல் துருக்கி நீக்கப்பட்டது. அத்திட்டத்திற்குச் சுமார் 140 கோடி டாலர் கொடுத்திருந்தும் விமானங்கள் வந்து சேரவில்லை. 1914இன் நியூகாசில் காட்சி, 105 ஆண்டுகள் கழித்து, வேறு உடையில் மீண்டும் அரங்கேறியது!

எல்லாவற்றையும் தானே செய்து கொள்ளும் நாடு இன்று உலகில் எங்குமில்லை. ஆனால் எது இல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் நின்று போகுமோ, அதைச் செய்யும் அறிவு தன் வீட்டில் இருக்க வேண்டும். அகழ் வெட்டும் யோசனையைப் பிறரிடம் கேட்கலாம். வெட்டும் கைகள் நம்முடையவையாக இருக்க வேண்டும்.

இன்னுமொரு செய்தியையும் சொல்லாமல் விட்டால் நாம் அமானிதம் பேணியவர்களாக மாட்டோம். லிபியாவிலும் சிரியாவிலும் முஸ்லிமின் குருதியை முஸ்லிமே சிந்தியபோது, பல நாடுகளில் செய்த ஆயுதங்களோடு முஸ்லிம் நாடுகளில் செய்த ஆயுதங்களும் அங்கே பேசின. சொந்தக் கையால் செய்த ஆயுதம் என்பதால் அது ஹலாலாகிவிடாது. பிறரிடம் வாங்கியவன் விற்பவனின் சம்மதத்தை எதிர்பார்க்கிறான். தானே செய்தவனுக்கு அந்தத் தடை இல்லை. எனவே அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே அவனுக்குத் தடையாக நிற்க வேண்டும். ஆற்றல் வளரும்போது கேள்வி கணக்கும் வளர்கிறது.

நமக்குரிய படிப்பினை

நாட்டைக் காப்பது அரசின் பொறுப்பு, நம் பொறுப்பன்று. ஆனால் அறிவைக் காப்பது ஒவ்வொரு மஹல்லாவின் பொறுப்பாகும். நம் நாட்டின் ஏவுகணைத் திட்டம் 1983இல் தொடங்கியபோது, பல தொழில்நுட்பங்களை வெளிநாடுகள் தர மறுத்த சூழலில், அதற்குத் தலைமை தாங்கியவர் இராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் இமாமின் மகன் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பதை நாம் பெருமையோடு கூறிக் கொள்கிறோம். 1989இல் அக்னி விண்ணில் பாய்ந்தது. பெருமை பேசுவது எளிது. அந்தச் சிறுவனின் படிப்புக்காக அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்தார் என்பதை எத்தனை பேர் நினைவிற் கொள்கிறோம்? அந்த நகை கப்பல் வாங்கச் செல்லவில்லை; ஒரு மாணவனின் மூளைக்குச் சென்றது. அதனால்தான் அது திரும்பி வந்தது.

கட்டிடம் கட்டுகிறோம், குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறோம், ஒலிபெருக்கி வாங்குகிறோம். அவை தேவைதாம். ஆனால் அவற்றைப் பழுது பார்ப்பதற்கு நம் மஹல்லாவில் ஒருவரும் இல்லையென்றால் நாமும் 1897இன் உஸ்மானியக் கப்பற்படையைப் போன்றவர்களே. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் பயிலும் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, ஜமாஅத்தின் கல்வி நிதி முதற்கண் செல்ல வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்தவுடன் கடவுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பும் பெற்றோர், ஒரு தொழிலையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஓதும் பிள்ளைகளும் ஒரு தொழில் கற்க வேண்டும். தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூர் வேதமும் வழங்கப்பட்டது. இரும்புத் தொழிலும் வழங்கப்பட்டது. அவ்விரண்டும் ஒரே கையில் இருந்தன.

அடுத்த ஆண்டுக் கணக்கைப் பார்வையிடும்போது, வாங்கிய பொருள்களுக்கான செலவோடு, கற்ற பிள்ளைகளுக்கான செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். முந்தையதை எவரும் பறித்துக் கொள்ளலாம், துருப்பிடிக்கலாம், கடலின் மறுகரையில் நின்றுவிடலாம். பிந்தையதை அல்லாஹ்வைத் தவிர வேறெவராலும் பறிக்க இயலாது.

பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு நீதியைக் காக்கும் நெஞ்சத்தையும், அமைதி நிலவும் பூமியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.